நிறை மிஸ்ஸியின் ஐந்து கிலோ

திருகோணமலையில் இன்று நாற்பது வயதுக்கு உட்பட்ட எவரை எடுத்துக்கொண்டாலும், அவர் டொக்டராக இருக்கட்டும், மீன்வாடி முதலாளியாக இருக்கட்டும், கறுப்புக் கோட்டுப் போட்ட சட்டத்தரணியாக இருக்கட்டும், ஒருமுறையாவது நிறை மிஸ்ஸியின் தராசில் உடுதுணி இல்லாமல் தொங்கி அழுதவராகத்தான் இருப்பார். இது மிகைப்படுத்தல் அல்ல. மிகைப்படுத்துவது என் பழக்கமும் அல்ல. முப்பத்தொரு வருடங்களாக நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்றும் அதில் இருக்கும்.

நான் அந்தத் தராசில் தொங்கவில்லை. அவர் இங்கே வேலைக்கு வந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. தப்பிவிட்டேன் என்றுதான் ஐம்பத்து நான்கு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் குடும்பநல மருத்துவிச்சி. எங்கள் பக்கத்தில் தாதிகளையும் மருத்துவிச்சிகளையும் மிஸ்ஸி என்றே கூப்பிடுவோம். புதன்கிழமைகளில் கிளினிக் முன்னால் நின்ற வாகை மரத்தில் வட்ட முகத் தொங்கு தராசைக் கொழுவி, கொக்கியில் ஒரு துணித் தொட்டிலை மாட்டி, வரிசையில் வரும் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார். முள் நிற்கும் இடத்தைப் பார்த்துப் பிள்ளையின் அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு. கோடு மேலே ஏறினால் தாய் தப்பினாள். சரிந்தால் மிஸ்ஸியின் குரல் மீன் சந்தை வரைக்கும் கேட்கும்.

“பிள்ளைக்குச் சமைக்கிறியளோ, இல்லாட்டிப் பிள்ளைக்குக் காட்டிப்போட்டு நீங்கள் சாப்பிடுறியளோ?”

ஆட்களை அவர் பெயரால் அறிந்ததில்லை. பிறந்த நிறையால் அறிந்திருந்தார். மூதூர் பஸ்ஸில் கொண்டக்டராக இருக்கும் யோகன் இப்போது வாசல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். ஒருநாள் டிக்கெட் கிழிக்க வந்தவனை மிஸ்ஸி ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ ஒண்டு தொள்ளாயிரமெல்லோ? உன்னைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு போகலாம் போல கிடந்தாய். என்னடா சாப்பிட்டனீ?”

“மிஸ்ஸி, சனத்துக்கு முன்னால நிறையைச் சொல்லாதேங்கோ. எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம்,” என்றான் யோகன்.

பிள்ளை பெற்ற ஆண்களுக்கும் அவரிடம் பெயர் கிடையாது. என் மகள் துவாரகா பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு. அன்றிலிருந்து நான் ‘துவாரகாவின்ர அப்பா’. அவருடைய பெயரை நானும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற அன்று கிளினிக் தராசைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே மாதிரியில் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். எதற்கு என்று அவருக்கே அப்போது தெரியாது. தராசு இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லையாம்.

அந்த வருடமே கதிர்காமத்துக்கு நடந்தார். எங்கள் கிழக்குக் கரைச் சனம் கொடியேற்றத்தை ஒட்டித் தெற்கு நோக்கி நடப்பது வழக்கம். கிண்ணியா, மூதூர், தோப்பூர், வெருகல் என்று ஊர் ஊராகப் போய், உகந்தை முருகன் கோவிலடியில் காட்டுக்குள் இறங்கி, யானைக்கும் கரடிக்கும் நடுவே நாலைந்து நாள் நடந்து கதிர்காமத்தில் ஏறவேண்டும். மிஸ்ஸி பதின்மூன்று கிலோப் பையோடு போனார். தோள் உரிந்து, குதிக்கால் வெடித்து வந்து பத்து நாள் படுத்திருந்தார். பதினோராம் நாள் எழுந்து தராசை முற்றத்து மாமரத்தில் கொழுவினார்.

முப்பது வருடம் நிறை காணாது என்று ஏசியவர், அன்றிலிருந்து நிறை கூடிப்போச்சு என்று ஏசத் தொடங்கினார். அதே புதன்கிழமை, அதே அட்டை, அதே புள்ளி. கோடு இப்போது கீழே போகவேண்டும், அவ்வளவுதான். நடக்க விரும்புகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே வாரம் ஒருமுறை பையைக் கொண்டுவந்து காட்டவேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று. காட்டு வாசலில் பை ஐந்து கிலோ. அதில் இரண்டு கிலோ தண்ணீர். கூடினால் கூட்டிக்கொண்டு போகமாட்டார். அழுதாலும் மாட்டார். அழுகை அவருக்குப் பழகிய சத்தம்.

அவருடைய பையும் ஐந்துதான். ஆனால் வழியெல்லாம் மற்றவர்களின் பைகளை நிறுக்கத் தராசையும் கொண்டுபோவார். தராசும் தொட்டிலுமாக ஒரு கிலோ முந்நூறு. அதனால் மாற்றுச் சேலை ஒன்று, ஒரு கோப்பை, ஒரு பொட்டலம் திருநீறு, தன் பங்கு அரிசி, தண்ணீர். வேறு ஒன்றும் கிடையாது. காட்டில் விரித்துப் படுப்பதும் சேலை, போர்ப்பதும் அதே சேலை.

என் கதைக்கு வருகிறேன். என் மனைவி மனோகரிக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. சோதனைக்குக் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். எட்டாம் நாள், குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு, முடிவு நல்லதாக வந்தால் நடந்தே வருகிறேன் என்று கதிர்காமக் கந்தனுக்குச் சொல்லிவிட்டேன். முடிவு நல்லது. கந்தன் தன் பங்கை ஒன்பதாம் நாளே முடித்துவிட்டார். மிஞ்சியது என் பங்கு. நான் துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் இருப்புப் பார்ப்பவன். சாமான் எந்த இறாக்கையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்கு மூச்சு வரும். காட்டில் இறாக்கை இல்லை. யானை எங்கே நிற்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் பதிந்திருக்காது.

முதல் புதன்கிழமை காலை எட்டு ஐந்துக்கு என் பை மாமரத்தில் தொங்கியது. கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

“பதினாலு அறுநூறு,” என்று மிஸ்ஸி வாசித்தார். “துவாரகாவின்ர அப்பா, இது நாலு வயசுப் பிள்ளையின்ர நிறை. இதைச் சுமந்துகொண்டு போனால் யானையே இரக்கப்பட்டு ஒரு கை தரும்.”

பாயை விரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எதை எடுத்தாலும் ஒரே கேள்விதான்.

“இது எதுக்குப் பயந்து?”

மடக்குக் கதிரை. “பாம்பு, மிஸ்ஸி. நிலத்தில இருக்கப் பயம்.”

அட்டையில் எழுதினார்: பாம்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

ஒரு சரை சீன வெடி. “யானை.”

யானை, அறுநூறு. “பாத்தியளோ, உங்கட யானையை விடப் பாம்பு மூண்டு மடங்கு பெரிசு. வெடி கொளுத்தினால் யானை ஓடும், ஓம். எந்தப் பக்கம் ஓடுமெண்டு அதிட்டக் கேட்டு வச்சிருக்கிறியளோ?”

சங்கிலியும் பூட்டும்: கள்ளன், எண்ணூறு. ரோர்ச் லைட் இரண்டு: இருட்டு, ஐந்நூற்றைம்பது. இரண்டாவது ரோர்ச் எதற்கு என்று கேட்டார். முதலாவது பழுதானால் என்றேன். ‘பழுது’ என்று தனியாக ஒரு வரி எழுதினார். பிறகு மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

“வயித்தால போகவும் மருந்து கிடக்கு. போறதை நிப்பாட்டவும் மருந்து கிடக்கு. ரெண்டையும் ஒண்டாக் குடிச்சிட்டு வீட்டிலயே இருங்கோவன்.”

சீப்பை எடுத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. என் தலையைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார், அதை வேலிப்பக்கம் வைத்தார். கைகட்டி நின்ற யோகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் அந்த வருடம் நடக்க வந்தவன். கலியாணம் சரிவந்துவிட்டதாம், அதற்கு நேர்த்திக்கடன்.

பை என் மைத்துனர் ரொறன்ரோவிலிருந்து அனுப்பியது. பதினெட்டு சிப். வெறும் பையே இரண்டு கிலோ முந்நூறு. அதை மிஸ்ஸி ஒரு விரலால் தூக்கி, “இது தாயே நிறை கூட. பிள்ளை எப்பிடிக் குறையும்?” என்றார். அடுத்த நாள் என்னைக் கிண்ணியாப் பாலத்தடியில் ஊரே ‘நானா’ என்று கூப்பிடும் தையற்காரரிடம் கூட்டிக்கொண்டு போனார். மிஸ்ஸிக்கும் அவரோடு நடப்பவர்களுக்கும் உரப்பையை வெட்டி, பழைய வானின் சீட் பெல்ட்டை வாராகத் தைத்துக் கொடுப்பது அவர்தான்.

“மிஸ்ஸி, வாங்க வாங்க. இந்த ஐயாக்கு எந்த உரப்பை போட?”

“எதைப் போட்டாலும் நல்லா உதறிப்போட்டுத் தையுங்கோ, நானா. இவருக்கு ஏற்கனவே பயம் உரம் போடாமலே வளந்து கிடக்கு.”

அந்தப் பை இருநூற்றெண்பது கிராம். முதுகில் பச்சை எழுத்தில் ‘யூரியா’ என்று இருக்கும்.

என் அட்டையில் கோடு மெல்ல இறங்கியது. பல்தூரிகையின் கைப்பிடியை அரிந்தேன். துவாயை இரண்டாகக் கிழித்தேன். எண்ணெயைக் கண் மருந்துக் குப்பிக்கு மாற்றினேன். நாட்குறிப்பின் தடித்த மட்டையை விட்டுவிட்டு நாற்பது நாளுக்கான தாளை மட்டும் நூலால் கட்டினேன். ஒவ்வொரு சாமானை எடுக்கும்போதும் உள்ளே ஒரு பயம் வெளிச்சத்துக்கு வந்து நின்று என்னைப் பார்த்தது. பத்து. எட்டு முந்நூறு. ஆறு. நான்கு நானூறு. தண்ணீர் இல்லாமல் மூன்று கிலோ வரவேண்டும். ஒரு கிலோ நானூறு மட்டும் இறங்க மறுத்தது. இரண்டு புதன்கிழமை கோடு அசையாமல் படுத்திருந்தது.

மூன்றாவது புதன்கிழமை பை மூன்று கிலோ. முள் துளி பிசகவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அதுதான் பிழை. மிஸ்ஸி முள்ளைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். ஆயிரம் கர்ப்பிணிகளைப் பார்த்த கண். கிட்ட வந்து இரண்டு உள்ளங்கைகளையும் என் வயிற்றில் வைத்து, மேலும் கீழுமாக அழுத்திப் பார்த்தார்.

“எத்தினை மாசம்?” என்றார்.

நான் வயிற்றை உள்ளே இழுத்தேன்.

“தலை மேல கிடக்கு. சதுரத் தலை.” இன்னும் ஒருமுறை அழுத்தினார். “துவாரகாவின்ர அப்பா, நிறை காட்டப் பிள்ளையின்ர அரைஞாணில ஈயக்குண்டு கட்டிக்கொண்டு வந்த தாய்மாரையே பிடிச்சனான் நான். வெளியால எடுங்கோ.”

“மிஸ்ஸி, ஆணோ பெண்ணோ?” என்று யோகன் கேட்டான்.

மனோகரியின் பழைய சேலைத் துண்டால் வயிற்றோடு சுற்றியிருந்ததை அவிழ்த்துக் கொடுத்தேன். மூன்று பொலித்தீனுக்குள் ஒரு நீலப் பைல். காணி உறுதி. நாலு பேருடைய பிறப்புச் சான்றிதழ். விவாகப் பதிவு. அகதி முகாமில் தந்த பதிவுத் துண்டுகள். சுனாமிக்குப் பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏறி எடுத்த பிரதிகள். அம்மாவின் மரணச் சான்றிதழ். மொத்தம் முப்பத்தேழு தாள்.

இதைப் படிப்பவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு பைல் கதவுக்குக் கிட்ட இருக்கும். ஓடவேண்டி வந்தால் முதலில் கை அதற்குத்தான் போகும். சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகியும் நான் மருமகளின் பூப்புனித நீராட்டுக்கு மட்டக்களப்புக்குப் போனபோதும் அதைக் கொண்டுதான் போனேன்.

“இது எதுக்குப் பயந்து?” என்றார் மிஸ்ஸி. வழக்கமான கேள்விதான்.

சொன்னேன். இருபது வயதில் ஒருமுறை ஓடும்போது அவசரத்தில் ஒன்றும் எடுக்காமல் ஓடினேன். ஒரு சோதனைச் சாவடியில் மறித்து ஓரமாக நிறுத்தினார்கள். நான் யார் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. என் பக்கத்தில் இன்னொருவர் நின்றார். அவரிடமும் இல்லை. வெயிலில் இருவரும் ஒரு தோடம்பழத்தைப் பாதி பாதியாகத் தின்றோம். பின்னேரம் என் மாமா சைக்கிளில் என் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார். என்னைப் போகச் சொன்னார்கள். அவருக்கு ஒருவரும் ஒன்றும் கொண்டுவரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பெயரையும் நான் கேட்டிருக்கவில்லை.

யோகன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். மிஸ்ஸி பேனையை எடுத்தார். ‘ஆயிரத்து நானூறு’ என்று எழுதினார். அதற்கு முன்னால் பயத்தின் பெயரை எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார்.

“விளங்குது,” என்றார். “ஆனா காட்டுக்குள்ள ஏலாது. அங்க தண்ணிதான் துண்டு. மனோகரியிட்டக் குடுத்திட்டு வாங்கோ.”

கொடுத்தேன். சத்தியமாகக் கொடுத்தேன். மனோகரி இரண்டு கையாலும் வாங்கினாள்.

“இனி நான் இதை இடுப்பில வச்சுக்கொண்டே கிணத்தடிக்குப் போறது?” என்று கேட்டுவிட்டு அலுமாரியில் வைத்தாள்.

நடை தொடங்கிய காலை, அவள் விளக்கேற்றப் போன நேரத்தில், அலுமாரியைத் திறந்து பைலைப் படுக்கை விரிப்புக்குள் சுருட்டிக்கொண்டேன். நேரம் நான்கு பத்து.

ஊர்களுக்குள் நடந்த நாட்களில் ஆபத்து இல்லை. வீட்டுக்கு வீடு தண்ணீரும் மோரும் தந்தார்கள். தண்ணீர் சுமக்காத பை பைலோடு சேர்த்து நான்கு நானூறு. மிஸ்ஸி புறப்பட்ட பிறகு பையைக் கிளறமாட்டார். முள் ஐந்துக்குள் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பார். வெருகலில் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றபோது தொலைபேசி அடித்தது.

“பைல் எங்க?” மனோகரி.

“என்னட்டத்தான்.”

“நீங்கள் எனக்குத் தாலி கட்டினனீங்களோ, பைலுக்குக் கட்டினனீங்களோ? மிஸ்ஸிக்குச் சொல்லட்டே?”

“சொல்லாதை, மனோ. திருப்பி அனுப்பிப்போடுவா. நேர்த்தி பாதியில நிண்டால் உனக்கு ஏதும் வந்திடும்.”

அவள் சொல்லவில்லை. அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கவேண்டும்.

உகந்தையில் காட்டுக்குள் இறங்கும் காலை. கோவிலுக்குப் பின்னால் ஒரு மரத்தில் தராசு தொங்கியது. இனி எல்லாப் பையிலும் இரண்டு லீற்றர்க் கான் நிறையத் தண்ணீர் இருக்கவேண்டும். மூன்றும் இரண்டும் ஐந்து. எனக்கு மூன்றும் ஒன்று நானூறும் இரண்டும். இந்தக் கூட்டலை நான் பத்து நாளாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். விடை மாறவில்லை. கிணற்றடியில் மற்றவர்கள் கானை நிரப்பியபோது நான் கால்வாசி நிரப்பி மூடியை இறுக்கினேன். வெள்ளை பிளாஸ்டிக், வெளியே தெரியாது.

“நாலு தொள்ளாயிரம்,” என்றார் மிஸ்ஸி. முகம் மலர்ந்தது. “இந்த வருசம் என்ர கெட்டிக்காரப் பிள்ளை நீங்கள்தான்.”

அந்தப் பாராட்டு இன்றைக்கும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே நான் எழுதியிருப்பது ஒரு சொல்: பயம்.

முதல் நாள் குமுக்கன் ஆறு வரைக்கும் ஒருவாறு சமாளித்தேன். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தோம். அடுத்த நாள் நாவலடிப் பக்கம். வழியில் தண்ணீர் இல்லை. கிளம்பும்போது கானை நிரப்பியிருக்கலாம்தான். ஆனால் மிஸ்ஸி அங்கேயும் தராசைக் கொழுவி வைத்திருந்தார். மறுபடியும் அரை லீற்றர். ஒரு மணிக்கு ஒரு மிடறு என்று கணக்கு வைத்தேன்.

காடு என்று பெயர்தானே ஒழிய நிழல் குறைவு. முள்பற்றை, வெள்ளை மணல், இடைக்கிடை ஒரு பாலை மரம். வழியில் கிடந்த யானை இலத்தியிலிருந்து இன்னும் ஆவி பறந்தது. யோகன்கூட வாயை மூடிக்கொண்டு நடந்தான். பத்து இருபதுக்கு, முன்னால் போன மிஸ்ஸி கையை உயர்த்தினார். எல்லோரும் அப்படியே நின்றோம்.

பாதைக்குக் குறுக்கே தனி யானை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து சந்தி வரைக்கும் உள்ள தூரம், ஒரு நூறு யார் இருக்கும். அது எங்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பொருட்படுத்தவில்லை. ஒரு காதை அசைத்தது. பிறகு மற்றக் காதை. தனி யானை நின்றால் அது போகும்வரை நிற்கவேண்டும், வேறு வழி இல்லை. நாங்கள் பதினொரு பேரும் நின்றோம்.

பதினொன்றுக்கு என் கான் முடிந்தது. பதினொன்று இருபதுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், இரண்டு லீற்றர் எங்கே போனது என்று கேட்பார்கள். எனக்கு யானைக்குப் பயம், மிஸ்ஸிக்குப் பயம், பைலை எடுத்துவிடுவார்களோ என்று பயம். மூன்றில் எது முதலில் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மணல் வெள்ளையாகி மேலே எழுந்து வந்தது.

கண் விழித்தபோது மிஸ்ஸியின் மடியில் என் தலை. கோப்பையிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு என் உதட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். யோகன் என் கானைக் குலுக்கிப் பார்த்தான்.

“மிஸ்ஸி, ஐயாவின்ர கானுக்குள்ள காத்துத்தான் கிடக்கு,” என்று இரகசியக் குரலில் சொன்னான்.

மிஸ்ஸி என் பையைத் திறந்தார். விரிப்பை உருட்டினார். நீலப் பைல் மணலில் விழுந்தது.

வாசகர்கள் அந்த நிலைமையை யோசிக்கவேண்டும். மீன் சந்தை வரைக்கும் கேட்கும் குரல். அவர் வாழ்க்கையில் ஏசுவதற்குக் கிடைத்த மிகப் பெரிய காரணம். முன்னால் யானை. சத்தம் போட முடியாது. அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, காதோடு காதாக, மூச்சுக் காற்றால் மட்டும் ஏசினார்.

“துவாரகாவின்ர அப்பா. இந்த யானை வந்து மறிச்சால் காணி உறுதியைக் காட்டப் போறியளோ? மரணச் சேட்டிபிக்கட்டும் உள்ளுக்க கிடக்கு, நல்லது, பேரை மட்டும் மாத்தினால் காணும். தண்ணியை ஊத்திப்போட்டுக் கடுதாசியைக் கொண்டுவாற மனிசனை நான் எந்தக் கிளினிக்கிலயும் காணேல்ல.”

யானை காதை அசைத்தது. அவர் உடனே வாயை மூடினார். அது திரும்பிக்கொண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இப்படி நாலைந்து தவணையாக ஏச்சு வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. உடம்பில் அவ்வளவு மிச்சம் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

பன்னிரண்டு மணிக்கு யானை பற்றைக்குள் போனது. எல்லோரும் தங்கள் கானிலிருந்து ஒவ்வொரு கோப்பையாக ஊற்றி என் கானை நிரப்பினார்கள். மிஸ்ஸி என் பையைத் தராசில் கொழுவினார். ஆறு நானூறு. இந்த உடம்போடு ஆறு நானூறு தூக்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

“பைலை இந்த மரத்துக்குக் கீழ வச்சிட்டுப் போவம், மிஸ்ஸி,” என்றான் யோகன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். “கல்லொண்டு தூக்கி வைப்பம். பிறகு வந்து எடுக்கலாம்.”

யாரும் பிறகு வரமாட்டார்கள். கதிர்காமத்திலிருந்து எல்லோரும் பஸ்ஸில்தான் திரும்புவோம். நான் எழுந்து உட்கார்ந்தேன். பைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இருபது வயதில் அந்தச் சாவடி ஓரத்தில் நின்ற வெயில் அப்படியே தலைக்கு மேல் நின்றது.

மிஸ்ஸி என் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பைலை வாங்கினார். தன் பைக்குள் வைத்தார். தராசைக் கையில் எடுத்து, பாலை மரத்தில் கைக்கு எட்டிய உயரத்தில் கிளையொன்றில் நன்றாகக் கொழுவினார். துணித் தொட்டிலையும் அதிலேயே மாட்டிவிட்டார்.

“மிஸ்ஸி, தராசு!” என்றான் யோகன்.

“ரெண்டுமெண்டால் அஞ்சுக்கு மேல போகும். சட்டம் சட்டம்தானே.” பையைத் தோளில் போட்டார். “குரங்குகள் தங்கட பிள்ளையளை நிறுத்துப் பாக்கட்டும். நடவுங்கோ.”

பைல் தராசைவிட நூறு கிராம் கூட. அதைச் சொல்ல வாய் எடுத்தேன். அவர் திருநீற்றுப் பொட்டலத்தை அவிழ்த்துப் பதினொரு பேருக்கும் நெற்றி நிறையப் பூசிவிட்டு, வெறும் தாளை மடித்து வைத்துக்கொண்டார். கணக்குச் சரி. நானும் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். வட்ட முகம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. மிஸ்ஸி திரும்பிப் பார்க்கவில்லை.

மிச்சக் காடு முழுவதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கரடிச் சுவடு பார்த்தோம். வேறொரு யானையின் மூச்சைப் பற்றைக்கு அந்தப்பக்கம் கேட்டோம். ஆனால் நான் நடந்தேன். எனக்கு முன்னால் ‘யூரியா’ என்று எழுதிய ஒரு பை போய்க்கொண்டிருந்தது. நான் யார், எங்கே பிறந்தேன், யாரைக் கட்டினேன், எந்தக் காணி என்னுடையது என்ற முழு விபரமும் அறுபத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் முதுகில் அசைந்து அசைந்து போனது. படுக்கும்போது அதைத் தலைக்கு வைத்துக்கொண்டார். எனக்குக் கேட்கட்டும் என்று, “கல்லு மாதிரிக் கிடக்கு, கழுத்துப் பிடிக்குது,” என்று தினமும் முறைப்பட்டார்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக் கரையில் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கி ‘அரோகரா’ என்று கத்திக்கொண்டிருந்தபோது, அவர் கரையில் நின்று பைலைப் பையிலிருந்து எடுத்தார். சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தார். என்னிடம் நீட்டினார்.

“முப்பத்தேழு எண்டு சொன்னனீங்கள். எண்ணிப் பாருங்கோ.”

“பிறகு பாப்பம், மிஸ்ஸி,” என்றேன்.

ஊருக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன். இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.